பதினேழாவது ஃபிரேம்

முதல் ஸ்க்ரூ வரவில்லை. வராது என்று சவரிமுத்துவுக்குத் தெரியும். கல்லூரிக்காரர்களுக்குத் தூண்மேல் ஏற்றிவைத்த விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பதும் காம்பவுண்டு சுவருக்கு வெள்ளையடிப்பதும் ஒன்றுதான், ஸ்க்ரூ, மூடி, எழுத்து எதையும் பார்ப்பதில்லை, ஒரே இழுப்பு. பத்து வருஷத்துப் பெயின்ட் ஸ்க்ரூத் தலையின் வெட்டை அடைத்துக்கொண்டிருந்தது. பிளேடு முனையால் சுரண்டினார். ஏணியில் ஏழாவது படி. எழுபத்திரண்டு வயசில் ஏணி ஏறுகிற மனுசனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று காலையில் இட்லியை டப்பாவில் அடைத்துக்கொண்டே சொன்னாள் பிலோமினா, அவர் மனைவி. "பொம்மை ஏரோப்ளேன் செய்யறதுக்குப் படத்தப் பாத்தா பத்தாதா? நேர்ல போயி அது வவுத்துக்குள்ள கைய விட்டுத்தான் ஆகணுமா?" விட்டுத்தான் ஆகவேண்டும். ஏன் என்பதைத்தான் அவளிடம் சொல்ல முடியாது. கீழே ஒரு கையால் ஏணியையும் இன்னொரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் வையாபுரி நின்றார். பக்கத்தில், கழுத்து வலிக்க அண்ணாந்தபடி டாக்டர் மெஹருன்னிசா. கரூரில் பல் டாக்டர், நோயாளி வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியை இன்றைக்கு விமானத்துக்குள் விடுவதற்காக எடுத்து வந்திருந்தாள். மணி பதினொன்று. நாமக்கல் ரோட்டு வெயில் விமானத்தின் அலுமினியத்தில் பட்டு முகத்தில் அடித்தது. முதல் ஸ்க்ரூ முனகியது, அசைந்தது, வந்தது. இன்னும் எட்டு இருக்கின்றன. மொத்தம் பத்தா, ஒன்பதா? ஒன்பதுதான். எண்ணிக்கையில் மட்டும் அவருக்குத் தப்பு வராது, ஒரே ஒரு தடவை தவிர.

"சார், ஸ்க்ரூவ என் டிபன் பாக்ஸ் மூடியில போடுங்க, தொலைஞ்சிரும்," என்றாள் மெஹர். தொலைஞ்சிரும். எவ்வளவு லேசாகச் சொல்கிறாள், அவளுக்கென்ன தெரியும், பாவம். மாடல் செய்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் முப்பத்து நாலு பேர், அதில் இவள் ஒருத்திதான் உண்மையான பைத்தியம். பிளாஸ்டிக் பெட்டியில் வருகிற பாகங்களை ஒட்டினால் போதாது அவளுக்கு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் வால்பகுதி முழுவதையும் அலுமினியத் தகட்டில் தானே வெட்டிச் செய்கிறாள், உள்ளே ஓடுகிற கம்பி உட்பட. மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியுமே சார் என்பாள். அவருக்கும் தெரியும். அவர் வீட்டு மேல் அறையில் இதே விமானத்தின் பதினொரு மாடல்கள் இருக்கின்றன, பதினொன்றும் அரைகுறை. உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டுகிற கட்டம் வரும்போது கை நின்றுவிடும். பசை காய்ந்துவிட்டது, கண் தெரியவில்லை, மழைக்காலத்தில் பெயின்ட் பிடிக்காது, சாக்குக்கா பஞ்சம். வாலுக்குள்ளே குறுக்குச் சட்டமாக நிற்கிற பதினேழாவது ஃபிரேம் எப்படி இருந்தது என்று தெரியாமல் எதை வைத்து மூடுவது? குழுவில் அவருக்குக் கார்ப்பரல் சார் என்று பெயர். விமானப்படையில் ஒன்பது வருஷம் இந்த விமானத்தின் உடம்பைப் பழுது பார்த்தவர், எந்த ஆணி எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார் என்று புதிதாகச் சேருகிறவனிடம் சொல்லி வைப்பார்கள். அவரும் சொல்வார், எல்லாவற்றையும் சொல்வார், அந்த ஒரு ஃபிரேமைத் தவிர. பிரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரியமாவது மண்ணாவது.

இரண்டாவது ஸ்க்ரூ எளிதாக வந்தது. மூன்றாவதுக்கு ஏணியை அரையடி தள்ளிப் போடவேண்டியிருந்தது, வையாபுரி முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். விமானத்தின் வயிறு இப்போது சவரிமுத்துவின் தலைக்கு நேர்மேலே. கச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள், விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற ஹாங்கரில், கோவேறு கழுதை என்று அர்த்தம், சொன்ன பேச்சு கேட்கும், உதைக்கவும் உதைக்கும். உதைத்தது அது இல்லை. இதுவும் அது இல்லை, இது வேறு கச்சர், இதன் நம்பர் வேறு, வயசான பிறகு கல்லூரிக்கு இனாமாகக் கொடுத்துத் தூணில் ஏற்றிவைக்கப்பட்ட வேறொரு கச்சர். அது எரிந்துபோனது. வடகிழக்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலையில். அதற்கு ஐந்து நாள் முந்தி, புதன்கிழமை சாயந்திரம், இதே மூடியைத் திறந்து இதே மாதிரி அண்ணாந்து நின்று அதன் வாலுக்குள் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவர் கார்ப்பரல் சவரிமுத்து, வயசு இருபத்தைந்து, மனசு முழுக்க ரயில். அன்று ராத்திரி லாரியில் ஏறினால் ஸ்டேஷன், வியாழன் விடியற்காலை ரயில், மாறி மாறி ஏறினால் ஞாயிற்றுக்கிழமை லால்குடி, திங்கட்கிழமை கல்யாணம். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. அந்தப் புதனுக்கு அடுத்த புதன் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும், தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எந்தச் சாமியாரும் கல்யாணம் செய்துவைக்க மாட்டார். ஒரு ரயில் தவறினால் ஐம்பது நாள். பெண் வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது, கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வேலை முடிந்து மூடியை ஸ்க்ரூ போட்டு மூடி, கருவிகளைப் பலகையில் மாட்டுகிற வரைக்கும்.

அந்தப் பலகை. அதை நினைக்காத நாள் உண்டா? கண்ணை மூடினால் வருகிறது, சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் வருகிறது. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பலகை, அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணி, ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் வடிவத்திலேயே சிவப்புப் பெயின்ட். ஸ்பானரை மாட்டினால் சிவப்பு மறையும். எடுத்தால் சிவப்பு ஸ்பானர் ஒன்று சுவரிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் பலகையில் சிவப்பே தெரியக் கூடாது. ஒன்று தெரிந்தாலும் அந்த விமானம் பறக்காது, திறந்த மூடி, திறக்காத மூடி அத்தனையும் திறந்து, குறைகிற பொருள் கிடைக்கிறவரைக்கும் ஒருத்தனும் இடத்தைவிட்டு அசையக் கூடாது, லீவு பாஸ் கையில் இருந்தாலும். சட்டம் இவ்வளவுதான், சின்னப்பிள்ளைக்கும் புரியும். அன்றைக்குப் பலகையில் சிவப்பு தெரிந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கட்டை ஸ்க்ரூடிரைவர். பையைத் துழாவினார், தரையில் குனிந்து பார்த்தார், கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். லாரிக்கு ஒன்றரை மணி நேரம். வாலுக்குள்ளே விழுந்திருக்குமா? விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்காதா? பக்கத்தில் ஒரு என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, எந்தச் சத்தம் கேட்கும்? அப்போதுதான் ஞாபகம் வந்தது, படுக்கைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டை ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது, அப்பாவின் சைக்கிளுக்காகப் போன மாதம் பஜாரில் வாங்கியது. அதே நீளம். கைப்பிடி மட்டும் கொஞ்சம் வேறு மஞ்சள். ஓடிப்போய் எடுத்து வந்து மாட்டினார். சிவப்பு மறைந்தது. சார்ஜென்ட் வந்தார், பலகையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், முதுகில் தட்டி மாப்பிள்ளை ஓடு ஓடு என்றார். ஓடினார்.

நாலாவது, ஐந்தாவது ஸ்க்ரூ. ஐந்தாவதன் பல் தேய்ந்திருந்தது, சும்மா சுற்றியது. "சார், கொஞ்ச நேரம் எறங்கித் தண்ணி குடிங்க," என்றாள் மெஹர். "இருக்கட்டும்மா." இறங்கினால் திரும்ப ஏறமாட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. மித்ரா சாரும் இப்படித்தான் ஏணி பக்கத்தில் வந்து நிற்பார். ஃப்ளையிங் ஆபீசர் மித்ரா, கல்கத்தாக்காரர், இருபத்து நாலு வயசு, மீசை சரியாக முளைக்கவில்லை. புறப்படும் முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பார், பார்த்து முடித்து வாலில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், கதவைத் தட்டுவது மாதிரி. அந்தப் புதன்கிழமை மத்தியானம்கூட வந்தார். கல்யாணமாமே, ஏய் மதராஸி, மிட்டாய் இல்லாமல் திரும்பி வந்தால் ஹாங்கருக்குள் விடமாட்டேன் என்றார் இந்தியில். மிட்டாய் கொண்டுபோனார் சவரிமுத்து. மாமியார் செய்த அதிரசம், பதினொன்று, தனியாக ஒரு தகர டப்பாவில், மித்ரா சாருக்கு என்று. இருபத்திரண்டு நாள் கழித்து டப்பாவோடு பாரக்கில் நுழைந்தபோது பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான். திங்கட்கிழமை பத்து மணி. மேலே ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, மூக்கு இறங்கவே இல்லை, அப்படியே நின்று, பிறகு மித்ரா சாரோடு விழுந்தது. விசாரணை நடந்தது. பறவை என்று எழுதி முடித்துவிட்டார்கள், எரிந்ததில் வேறு எதுவும் மிச்சமில்லை. பறவை மோதினால் மூக்கு இறங்காமல் இருக்குமா? இருக்கலாம். இருக்காது. சவரிமுத்து ஹாங்கருக்குப் பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்து பதினொரு அதிரசத்தையும் ஒன்று விடாமல் தின்றார், தின்று வாந்தியெடுத்தார். யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை, எறியவும் வரவில்லை. அதற்குப் பிறகு அதிரசத்தைத் தொட்டதில்லை. எங்கம்மா கைப்பக்குவம் உங்களுக்கு ஆகல என்று பிலோமினா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது ஸ்க்ரூ. திங்கட்கிழமை பத்து மணி என்றால் கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்த நேரம். ஒன்பதரைக்குத் தொடங்கிய பூசை. பத்துக்கு என்ன நடந்திருக்கும்? மோதிரமா, பிரசங்கமா? கணக்குப் போட்டுப் போட்டு அலுத்துப்போயிற்று, ஒரு தடவை மோதிரம் என்று வரும், ஒரு தடவை பிரசங்கம் என்று வரும். வருஷா வருஷம் அந்தத் தேதி வருகிறது. பிலோமினா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி நிற்பாள், இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைவலி. வயிற்றுவலி. இருபத்தைந்தாவது வருஷம் பிள்ளைகள் கேக் வாங்கிவந்து மாலை போடச் சொன்னபோது மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். அன்று எல்லாரும் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அவள் கேட்டாள்: "என்னைக் கட்டுனது உங்களுக்குப் பிடிக்கவே இல்லையா?" ஐயோ, அப்படியா நினைத்துக்கொண்டிருக்கிறாள் இத்தனை வருஷமாக? இல்லை என்று சொன்னார். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் கழுத்தில் தாலி கட்ட ஓடி வந்ததில் ஒருத்தன் செத்துப்போனான் என்றா? சொன்ன நிமிஷத்திலிருந்து அவளும் அதைச் சுமக்க வேண்டாமா? அவள் என்ன பாவம் செய்தாள், பந்தல் போட்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர? வேண்டாம். தன்னோடு போகட்டும். அப்படித்தான் போயிற்று, பிடிக்காத புருஷன் என்ற பெயரோடு.

ஏழாவது. "சார், பிரின்சிபல் ரவுண்ட்ஸ் வர்ற நேரமாச்சு, வெரசா முடிங்க," என்றார் வையாபுரி. "பர்மிஷன் லெட்டர் இருக்குண்ணே," என்றாள் மெஹர். "லெட்டர் இருக்கும்மா, ஏணிக்கு லெட்டர் இருக்கா?" அவளும் வையாபுரியும் சிரித்துக்கொண்டார்கள். கொன்றோமா, கொல்லவில்லையா, இவ்வளவுதான் கேள்வி, நாற்பத்தேழு வருஷமாக ஒரே கேள்வி. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டால் அதைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எது பாவம் என்று தெரியவில்லை. ஒருமுறை பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னார், சாமியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். மூன்று. பொய்க்கு மூன்று சரி. கொலைக்கு எத்தனை? ஸ்க்ரூடிரைவர் வாலுக்குள் விழுந்தே இருக்காமலிருக்கலாம், புல்லில் விழுந்திருக்கலாம், வேறொருவன் பையில் போயிருக்கலாம். விழுந்திருந்தாலும்? வாலின் குறுக்கே பதினேழாவது ஃபிரேம் இருக்கிறது, தட்டு மாதிரி. தட்டின் இந்தப் பக்கம் கிரீஸ் போடுகிற இடம், அந்தப் பக்கம் மூக்கை ஏற்றி இறக்குகிற நெம்புகோல். எடை குறைவதற்காக ஃபிரேமின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டியிருப்பார்கள். அந்த ஓட்டை கான்வாஸ் துணியால் மூடியிருந்தால், இந்தப் பக்கம் விழுந்தது இந்தப் பக்கமே கிடக்கும், விமானம் தலைகீழாய்ப் பறந்தாலும் ஒன்றும் ஆகாது, பறவைதான், பறவையேதான். மூடாமல் இருந்திருந்தால், விமானம் மேலே ஏறும்போது உருண்டு பின்னால் போகும், போய் நெம்புகோலின் இடுக்கில் உட்காரும். மூடியிருந்ததா? ஞாபகம் இல்லை. எல்லா ஆணியும் ஞாபகம் இருக்கிற மனுசனுக்கு அந்த ஓட்டை ஞாபகம் இல்லை. கான்வாஸின் நாற்றம் ஞாபகம் இருக்கிறது மாதிரி இருக்கும், அது கூடாரமா, மூட்டையா என்று தெரியாது. புத்தகத்தில் தேடினார். பழைய உதிரிபாகப் பட்டியல் ஒன்றில் கான்வாஸ் மூடி என்று இருந்தது, பக்கத்தில் தேவைப்படின் என்று போட்டிருந்தது. வரைபடத்தில் ஓட்டை இருக்கிற இடத்தில் புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு என்றால் மூடியும் இருக்கலாம், மூடாமலும் இருக்கலாம். எந்தெந்த நாட்டு மாடல்காரனுக்கோ கடிதம் எழுதினார், மின்னஞ்சல் வந்தபிறகு மின்னஞ்சல். மங்கலாய்ப் படம் அனுப்பினார்கள், எல்லாப் படத்திலும் பதினாறாவது ஃபிரேம் வரைக்கும் தெளிவாய்த் தெரியும்.

எட்டாவது, ஒன்பதாவது. மூடி பெயின்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. உள்ளங்கையால் ஒரு குத்து விட்டார், திறந்தது. உள்ளேயிருந்து ஒரு வாசம். புறா எச்சம், சூடேறிய இரும்பு, அதற்கடியில் எங்கேயோ பழைய எண்ணெய். அந்த எண்ணெய்தான். சவரிமுத்து முகத்தைப் பின்னுக்கு இழுத்தார், ஏணி ஆடியது, சார் சார் என்றார் வையாபுரி. "ஒண்ணுமில்ல." கண்ணாடியை மெஹர் நீட்டினாள், அதை வாங்காமலே கையை உள்ளே விட்டார். ஏன் வாங்கவில்லை என்று பிறகு யோசித்தால் அவருக்கே சொல்லத் தெரியாது. பயந்தார், அதுதான் உண்மை, கண்ணால் பார்க்கப் பயந்தார். கை போயிற்று. முழங்கை வரைக்கும், அதற்கு மேலும். ஒரு கம்பி இடித்தது, இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. அந்தக் கம்பியைத் தாண்டியதும் தோள் தானாகக் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. உள்ளங்கை மேல் பார்த்துத் திரும்பியது. கட்டைவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மணிக்கட்டு இடப்பக்கமாக வளைந்து, எதற்குள்ளேயோ நுழைவதற்குத் தயாராக, பின்பக்கம் நோக்கி நீண்டது. விரல் நுனி கரடுமுரடாக எதிலோ முட்டியது. தகடு இல்லை, துணி இல்லை. கல். அழுத்திப் பார்த்தார், தடவிப் பார்த்தார், சுரண்டினார். நகத்தில் மணல். அந்த இடம் முழுக்கக் கல்.

"அட, அதுவா," என்றார் வையாபுரி கீழேயிருந்து. "என்ஜினக் கழட்டிட்டாங்கல்ல சார், வாலு பாரமில்லாமத் தூணு மேல ஆடுச்சாம். அதுக்காக வச்சப்பவே வாலுக்குள்ள கான்கிரீட்ட ஊத்திட்டாங்க. மூணு சட்டி நான்தான் தூக்கிக் குடுத்தேன்." "அய்யோ, இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?" என்றாள் மெஹர். "நீங்க கேக்கலியேம்மா." சவரிமுத்துவின் கை உள்ளேயே இருந்தது. சிரிப்பு வருமா அழுகை வருமா என்று தெரியாத நிலைமை. நாற்பத்தேழு வருஷம் தேடிய ஓட்டையில் சிமென்ட் ஊற்றி வைத்திருக்கிறார்கள், அதில் மூன்று சட்டி இந்த மனுசன் தூக்கிக் கொடுத்தது. போகட்டும், தெரியவேண்டாம், தெரியாமலே சாகலாம், எத்தனையோ பேர் எத்தனையோ தெரியாமல் சாகிறார்கள். ஒரு நிமிஷம் அப்படி நினைத்துச் சந்தோஷம்கூட வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். கையை வெளியே எடுக்கப் போனார். அப்போதுதான் கவனித்தார், கட்டைவிரல் இன்னும் மடங்கியிருந்தது. எதற்கு மடங்கியது? யார் மடக்கச் சொன்னது? விரலை நிமிர்த்தி, கையை வெளியே இழுத்து, மறுபடியும் உள்ளே விட்டார். வேண்டுமென்றே எதையும் நினைக்காமல், சும்மா. பிலோமினாவின் இட்லியை நினைத்துக்கொண்டு விட்டார். கம்பி. தோள் இறங்கியது. உள்ளங்கை திரும்பியது. கட்டைவிரல் மடங்கியது. மூன்றாவது தடவையும் மடங்கியது. ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நுழைந்தால் கிழித்துவிடும், புதிதாக வருகிற பையன்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார், கட்டைவிரல மடக்குடா, கட்டைவிரல மடக்கு. கான்வாஸ் போட்டு மூடிய ஓட்டைக்குள் யார் கையை விடுவார்கள்? ஒன்பது வருஷம் இந்தக் கை அதற்குள் போய்ப் போய் வந்திருக்கிறது. கைக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. இல்லை, தெரியாத மாதிரி இருந்திருக்கிறார், அவ்வளவு கெட்டிக்காரத்தனம் மனசுக்கு. இல்லை இல்லை, மற்ற விமானங்களில் திறந்திருந்திருக்கும், அந்த ஒன்றில் மட்டும் மூடியிருக்கலாமே? அந்த ஒன்றில் மட்டுமா? சவரிமுத்து, உனக்கே வெட்கமாக இல்லையா? கொன்றாய் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பறவை போய்விட்டது. இத்தனை வருஷம் ராத்திரி ராத்திரி வந்து அவரைத் தூங்க வைத்த பறவை.

இறங்கினார். எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. தூணைச் சுற்றிக் கட்டியிருந்த சிமென்ட் மேடையில் மெஹர் பிடித்து உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "சுகர் கொறஞ்சிருச்சா சார்? ஒரு சாக்லேட் இருக்கு." "வேண்டாம்மா." கொஞ்சம் பொறுத்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, மாடல்காரிதானே, கேட்டுவிட்டாள். "கான்கிரீட்டா இருக்கறதால இனிமே யாராலயும் பாக்க முடியாது. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடறேன் சார். ஃபிரேம் பதினேழு, ஓட்டை தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?" நோட்டில் அவள் போட்டுவைத்திருந்த படம் மடியில் விரிந்து கிடந்தது, பென்சில் வட்டம் ஒன்று, அதற்குள் கேள்விக்குறி. மூடியிருந்துச்சு என்று சொன்னால் போதும். முப்பத்து நாலு பேரும் நம்புவார்கள், இணையத்தில் ஏறிவிடும், உலகத்தில் இதைப்பற்றி அக்கறைப்படுகிற ஐம்பது கிறுக்கர்களும் அதையே நம்புவார்கள், பத்து வருஷம் கழித்து அவரே நம்பிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தது அந்தச் சொல். "தொறந்திருந்துச்சு," என்றார். "கன்ஃபர்மா சார்?" "கைய விட்டிருக்கேன்." மெஹர் முகமெல்லாம் மலர்ந்து கேள்விக்குறியை அழித்தாள், வட்டத்தின் விளிம்பை அழுத்தி வரைந்தாள், மேலே ஏறி ஸ்க்ரூக்களைத் தானே மாட்டிவிட்டு வருவதாகச் சொல்லி ஒன்பதையும் எண்ணிக்கொண்டு போனாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பிலோமினா. பன்னிரண்டே கால், மாத்திரை நேரம். "சாப்டீங்களா?" என்றாள். இல்லை என்றார். "ஏணியில ஏறுனீங்களா?" ஏறினேன் என்றார். திட்டத் தொடங்கினாள், அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்போல இருந்தது. இப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, இன்னும் எத்தனை வருஷமோ அத்தனை வருஷமும் பிடிக்காத புருஷனாகவே இருந்துவிடலாம். அவளுக்காவது சுமை இல்லை. சுமை இல்லையா? பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கேட்டாளே, அது என்ன? "பிலோ," என்றார். அவள் திட்டு நின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ. "நம்ம கல்யாணத்துக்கு நான் வந்தேன்ல, அந்த ரயில்ல நான் ஏறியிருக்கக் கூடாது பிலோ." சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று உறைத்தது. அடப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தோம்.  அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. "பிலோ, நான் சொல்ல வந்தது அது இல்ல..."

"மித்ரா சாரப் பத்தியா?" என்றாள் அவள்.

அந்தப் பேரை அவளிடம் அவர் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் சொன்னதில்லை, சாமியாரிடம் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "உனக்கு எப்படித் தெரியும்?" "நீங்கதான் சொல்றீங்களே, தூக்கத்துல. கல்யாணமாகி மொத வருசத்துலேருந்து. எந்திரிங்க மித்ரா சார், எறங்கிருங்க மித்ரா சார்னு. எத்தனை தடவ உலுக்கி எழுப்பியிருக்கேன், தண்ணி குடுத்திருக்கேன், காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி காபி கேப்பீங்க. யாருன்னு கேட்டா சொல்லிருவீங்களோன்னு எனக்கும் பயம். செத்துட்டாரு போலன்னு மட்டும் வெளங்குச்சு. நம்ம கல்யாண நாளு வந்தா ஒரு வாரத்துக்கு அதிகமா இருக்கும்." சவரிமுத்துவுக்குக் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. நாற்பத்தேழு வருஷமாக அவள் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "வீட்டுக்கு வந்து சொல்றேன் பிலோ." "வேணாம். வீட்டுக்கு வந்தா சொல்ல மாட்டீங்க. இருங்க, அடுப்ப அணைச்சுட்டு வர்றேன்." போனைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டுப் போனாள் போலிருக்கிறது, செருப்புச் சத்தம், அடுப்பின் குமிழ், ஏதோ பாத்திரத்தை மூடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. ஏணிமேலிருந்து மெஹர் எட்டு ஆயிருச்சு சார், இன்னும் ஒண்ணுதான் என்று கூவினாள். நாற்காலியை இழுக்கிற சத்தம். "உக்காந்துட்டேன்," என்றாள் பிலோமினா. "என்னால வந்ததா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

"அன்னிக்கு சாயந்திரம் வேலை முடிஞ்சு எண்ணும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் கொறஞ்சுது பிலோ," என்றார் சவரிமுத்து.